சால்வை அறிவியல்

நம் கல்லூரிகளில் ஒரு கூட்டாய்வு தொடங்க வேண்டுமானால் முதலில் வேண்டியது ஆறுக்குப் பத்து ஃப்ளெக்ஸ். அதில் தாளாளர் படம் பெரிதாக இருக்க வேண்டும், முதல்வர் படம் நடுத்தரமாக. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் விஞ்ஞானியின் படம் வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்த மங்கலோடு ஒரு மூலையில் இருந்தால் போதும். அடுத்து குத்துவிளக்கு, அதை ஏற்ற மெழுகுவத்தி, மெழுகுவத்தியை ஏற்றத் தீப்பெட்டி தேடி ஓடும் ஆய்வு மாணவர் ஒருவர். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, சால்வை, நினைவுப் பரிசு. பிறகு ஒப்பந்தம் வைத்த இரண்டு ரெக்ஸின் ஃபைல்கள் கைமாறும். அந்த நேரத்தில் இருவரும் கேமராவைத்தான் பார்க்க வேண்டும், ஃபைலுக்குள் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. போட்டோகிராபர் “சார், இன்னொரு தடவை” என்றால் இன்னொரு தடவை கைமாறும். சமோசா, முந்திரி கேக், காபி. கூட்டாய்வு இத்துடன் இனிதே நிறைவுற்றது.

நிறைவுற்றது என்று நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்த ஃபைல் நேராக ஐக்யூஏசி என்ற தர உறுதிப் பிரிவு அறையின் இரும்பு அலமாரிக்குப் போகும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் வாரத்தில்தான் வெளியே வரும். செயல்பாட்டில் உள்ள ஒப்பந்தங்கள் எத்தனை என்று அவர்கள் கேட்பார்கள், இவர்கள் எண்ணிக் காட்டுவார்கள். செயல்பாடு என்றால் வருஷத்துக்கு ஒரு வெபினார். அந்தப் பக்கத்துப் பேராசிரியர் மைக்கை மியூட்டில் வைத்துக்கொண்டே முதல் பத்து நிமிஷம் பேசுவார். இந்தப் பக்கம் நூற்றைம்பது மாணவர்கள் இ-சர்டிஃபிகேட்டுக்காகக் கூகுள் படிவம் நிரப்புவார்கள். இரண்டு நாட்டு அறிவியலும் அன்று ஒரு படி உயர்ந்ததாக மறுநாள் உள்ளூர்ப் பதிப்பில் நான்கு காலம் செய்தி வரும்.

பேராசிரியர்கள் மீது அவசரப்பட்டுப் பாய வேண்டாம். அவர்கள் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வகுத்த கணக்குப்படிதான் நடக்கிறார்கள். அந்தக் கணக்கு ஒரு முறை படித்துப் பார்க்கத் தக்கது. 2018-இல் யுஜிசி போட்ட விதிமுறைப்படி, அறிவியலில் ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு 8 புள்ளி. தனியாக எழுதினால் முழு எட்டும் எழுதியவருக்கு. இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு நாலு என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அந்தப் பிள்ளைக்கு யுஜிசியில் வேலை கிடைக்காது. விதிமுறை ஆளுக்கு 70 சதவீதம் தருகிறது. 5.6-உம் 5.6-உம் 11.2. இரண்டு பேருக்கு மேல் போனால் முதன்மை ஆசிரியருக்கு 70 சதவீதம், மற்றவர்களுக்குத் தலைக்கு 30 சதவீதம். பத்துப் பேர் பெயர் போட்டுக்கொண்டால் 5.6-உடன் ஒன்பது 2.4 சேர்ந்து 27.2 ஆகிறது. கட்டுரை என்னவோ அதே கட்டுரைதான். சோதனையும் அதே, முடிவும் அதே, அதில் இருந்த எழுத்துப்பிழைகளும் அதே. பெயரைச் சேர்த்தால் நாட்டின் ஆராய்ச்சி மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிடுகிறது.

இப்படிச் சேர்த்த புள்ளியை வைத்து என்ன செய்வது? பேராசிரியர் பதவிக்கு நேரடியாக விண்ணப்பிக்கிறவரிடம் 120 புள்ளி கேட்கிறது அதே விதிமுறை. இணைப் பேராசிரியருக்கு 75. ஒரு மாணவர் டாக்டர் பட்டம் வாங்கினால் அவருடைய கைடுக்கு 10 புள்ளி. மாணவர்கூடப் புள்ளிதான் என்பதைக் கவனியுங்கள். கட்டுரை எட்டு, மாணவர் பத்து. ஆய்வு வாழ்க்கை என்பது இந்தப் புள்ளிகளை ஒரு எக்செல் தாளில் ஏற்றிக்கொண்டே போவது. அந்த எக்செல் தாளையும் மாணவர்தான் தட்டச்சு செய்து தர வேண்டும்.

இந்தத் தட்டச்சு வேலை நடக்கும் ஒரு அறைக்குள் போவோம். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. தமிழ்நாட்டில் வேதியியல் துறை உள்ள எந்த ஊரையும் நினைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு பெண், மூன்றாம் ஆண்டு ஸ்காலர். துறையில் நல்ல கருவி கிடையாது. அதனால் கண்ணாடிக் குப்பியில் ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ராத்திரி பஸ் ஏறுவாள். விடிகாலையில் வேறொரு பெரிய நிறுவனத்து வாசலில் இறங்கி, கழிவறையில் முகம் கழுவி, சாம்பிளுக்கு இவ்வளவு என்று சொந்தக் காசைக் கட்டி, எக்ஸ்ஆர்டி என்ற எக்ஸ்-கதிர் சோதனை எடுத்துக்கொண்டு திரும்புவாள். பொடி சரியாக வராமல் திரும்பத் திரும்பப் போனவள். ஒருவழியாகக் கட்டுரை தயார். கைடு மேஜைக்கு எதிரில் நிற்கிறாள். உட்காரச் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது.

“யார் யார் பேரு போட்டிருக்கே?”

“நானு, நீங்க, எக்ஸ்ஆர்டி எடுத்துக் குடுத்து டேட்டாவும் பாத்துக் குடுத்தாங்கல்ல அந்த அக்கா, மூணு பேர் சார்.”

“அந்தப் பொண்ணு நம்ம காலேஜே இல்லையேம்மா. அது பேரைக் கடைசியில நன்றியில போட்டுக்கலாம். ஹெச்ஓடி பேர் எங்க?”

“அவர் இந்த வொர்க்குல...”

“அவர் கையெழுத்து இல்லாம உன் ஃபெலோஷிப் பில்லு நகருமா? போடு. பிரின்சிபால் பேரையும் போடு. அப்புறம் மேடம் பேரு.”

மேடம் என்பவர் கைடின் மனைவி. வேறொரு கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியர், அந்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு நேரம். நானோ துகள்களுக்கும் சரக்கு சேவை வரிக்கும் உள்ள தொடர்பு அந்தக் கட்டுரையில்தான் முதன்முதலாக நிறுவப்பட்டது. சால்வை வாங்கிக்கொண்டு போன மலேசியப் பேராசிரியரும் உள்ளே வந்தார். அப்போதுதான் பன்னாட்டுக் கூட்டாய்வு என்ற கட்டத்தில் டிக் அடிக்க முடியும். அந்தப் பெண்ணின் பெயர் முதலிடத்திலிருந்து மெல்ல நகர்ந்து நான்காவதுக்கு வந்தபோது கைடு ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னார்: “நீ சின்னப் பொண்ணு. உனக்கு இன்னும் நிறைய காலம் இருக்கு.”

இப்படி நகர்த்தப்பட்டவர்கள் கேட்டால், “உலகம் பூராவும் இப்படித்தான்” என்று ஒரு பதில் தயாராக இருக்கும். 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையைக் கணக்கிட்டு ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்து அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கக் கட்டுரையில் ஒன்பது பக்கம்தான் அறிவியல், மிச்சம் 24 பக்கமும் பெயர்களும் நிறுவனங்களும். “அங்கே ஐயாயிரம் பேரைப் போடலாம், நான் என் வீட்டுக்காரியைப் போட்டால் மட்டும் குற்றமா?” என்பது வாதம். குற்றம்தான் ஐயா. அங்கே பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுக்குச் சுரங்கம் வெட்டிக் காந்தம் பூட்டியிருக்கிறார்கள். அந்தக் கருவிகளைச் செய்தவர், காத்தவர், அவற்றின் தரவைச் சலித்தவர் என்று ஆயிரக்கணக்கானோர் உண்மையிலேயே உழைத்தார்கள். உங்கள் வீட்டுக்காரி அந்த எக்ஸ்ஆர்டி பஸ்ஸில் ஒரு நாளாவது ஏறினாரா?

மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு ஒன்று ஆசிரியர் ஆவதற்கு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. ஆய்வை வடிவமைப்பதிலோ தரவைத் திரட்டி ஆராய்வதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். எழுதியிருக்க வேண்டும், அல்லது எழுதியதைக் கருத்தோடு திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்தைப் பார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். தவறு வந்தால் பதில் சொல்லப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். நிதி வாங்கித் தந்தது, துறைக்குத் தலைவராக உட்கார்ந்திருந்தது, பொதுவாக மேற்பார்வை பார்த்தது, இவை மட்டும் போதாது என்றும் சொல்கிறது. இதைத் தமிழில் பெயர்த்து ஒவ்வொரு துறைத் தலைவர் அறையிலும் மாட்டலாம். மாட்டுவதற்கு ஆணி வாங்கவும் மாணவரைத்தான் அனுப்புவார்கள்.

கூட்டாய்வு நமக்குத் தெரியாத சங்கதியா என்றால் அதுவும் இல்லை. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கு வயது முப்பதுதான். இங்கிலாந்திலிருந்து வந்து அவரைச் சந்தித்த ஜே.டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். கொலாஜன் தோலில் இருப்பது. அவருடைய துறை இருந்த கிண்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து மாதிரி வந்தது. கோபிநாத் கர்த்தாவும் ராமச்சந்திரனும் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். 1954-இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது, அதில் இரண்டே பெயர். மூன்று இழை முறுக்கிய அந்த அமைப்பு இன்றைக்கும் உயிர்வேதியியல் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ரெக்ஸின் ஃபைல் எதுவும் கைமாறியதாகத் தகவல் இல்லை. யுஜிசி கணக்குப்படி இரண்டு பேரும் ஆளுக்கு 5.6 வாங்கியிருப்பார்கள். துணைவேந்தரையும் பதிவாளரையும் தோல் நிறுவன இயக்குநரையும் சேர்த்திருந்தால் புள்ளி எங்கேயோ போயிருக்கும். பிழைக்கத் தெரியாதவர்கள்.

பொற்காலம் பாட வரவில்லை. 1928-இல் புதுவகைச் சிதறல் ஒளியை அறிவித்த முதல் குறிப்பில் சி.வி. ராமனோடு கே.எஸ். கிருஷ்ணனும் கையெழுத்திட்டிருந்தார். 1930-இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கு. வத்திராயிருப்புக்காரரான கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. ஜோசலின் பெல் கண்ட துடிவிண்மீனுக்கு 1974-இல் பரிசு வாங்கியவர் அவருடைய கைடு. பெரியவர் வாங்குவதும் சின்னவர் கைதட்டுவதும் எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது. ஆனால் இந்தக் கதைகளில் பெரியவர்களும் ஆய்வகத்தில் நின்றார்கள். தொலைநோக்கியை வடிவமைத்தது பெல்லின் கைடுதான். நம்மவர் கண்டுபிடித்த புதுமை என்னவென்றால், ஆய்வகம் எந்த மாடியில் இருக்கிறது என்று தெரியாமலே ஆசிரியராகிவிடும் முறை.

பெயர் சேர்ந்துவிட்டது, இனி அச்சேற வேண்டும். அதற்கும் சந்தை இருக்கிறது. 2013-இல் ஜான் பொஹானன் என்ற செய்தியாளர் ‘சயின்ஸ்’ இதழுக்காக ஒரு வேலை செய்தார். லைக்கனிலிருந்து எடுத்த வேதிப்பொருள் புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று ஒரு போலிக் கட்டுரையை இட்டுக்கட்டி, இல்லாத விஞ்ஞானி, இல்லாத நிறுவனத்தின் பெயரில் 304 இதழ்களுக்கு அனுப்பினார். பள்ளி வேதியியல் தெரிந்தவரே கண்டுபிடித்துவிடும் தவறுகளை வேண்டுமென்றே உள்ளே வைத்திருந்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஏற்றுக்கொண்டவற்றில் அதிகமானவற்றின் முகவரி இந்தியா. ஹைதராபாதைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பதிப்பு நிறுவனம், விஞ்ஞானிகளை ஏமாற்றியதற்காக 5 கோடி டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் உலகுக்கு ஏற்றுமதி செய்யும் அறிவியலில் இதுவும் உண்டு.

யுஜிசி சும்மா இருந்ததா? இல்லை. அது ஒரு பட்டியல் போட்டது. பட்டியலில் இருப்பது நல்ல இதழ் என்றது. பிறகு 2018 மே மாதம் அந்தப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்கியது. அதுவரை அவற்றில் எழுதிப் பதவி உயர்வு வாங்கியவர்கள் பதவியில்தான் இருக்கிறார்கள். 2019-இல் ‘கேர்’ என்று இன்னொரு பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, நல்ல இதழ் எது என்று பல்கலைக்கழகங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று கையைக் கழுவியது. டாக்டர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022-இல் எடுத்தார்கள். பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதைப் பிடித்துவைத்திருக்கின்றன. கட்டாயம் இருக்கும்வரை வாட்ஸ்அப் குழுக்களில் கூவி விற்பார்கள்: ஸ்கோபஸ் பேப்பர் ரெடி, ஃபர்ஸ்ட் ஆத்தர் இடம் போய்விட்டது, தேர்டு ஆத்தர் காலி இருக்கிறது, முன்பணம் கட்டினால் போதும். தீபாவளி ஆம்னி பஸ் சீட்டு விற்பதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், பஸ்ஸில் ஏறியவர் எங்கேயாவது போய்ச் சேருவார்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறவர்களுக்கு: மாணவரின் பையிலிருந்து. அந்தப் பைக்குள் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்த்துவிடுவோம். நெட் தேர்வு எழுதித் தேறி ஜேஆர்எஃப் உதவித்தொகை வாங்கியவருக்கு 2014-இல் மாதம் 25,000 ரூபாய். 2019-இல் 31,000 ஆனது, அதுவும் நாடு முழுக்க ஆய்வு மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகு. 2023-இலிருந்து 37,000. இது அதிர்ஷ்டசாலியின் கணக்கு. நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தவருக்கு 8,000. அதையும் நிறுத்தப்போவதாக 2015-இல் யுஜிசி அறிவித்தபோது டெல்லியில் அதன் வாசலிலேயே மாணவர்கள் ராத்திரி பகலாகப் படுத்துக் கிடந்தார்கள், தடியடி வாங்கினார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்துச் சுயநிதி ஸ்காலருக்கு ஒன்றும் கிடையாது. அவர்தான் பல்கலைக்கழகத்துக்கு வருஷா வருஷம் கட்டணம் கட்ட வேண்டும். ஃபெலோஷிப் உள்ளவருக்கும் மாதம் பிறந்தால் பணம் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு மாதம், ஆறு மாதம் என்று தேங்கி, பயன்பாட்டுச் சான்றிதழில் ஒரு கையெழுத்து குறைகிறது என்று திரும்பி, போர்ட்டலில் விரல் பதியவில்லை என்று மறுபடி நின்று, ஒரு நாள் மொத்தமாக வரும். அதற்குள் ஹாஸ்டல் மெஸ் பாக்கி, அப்பாவிடம் கடன், நண்பனிடம் கடன். இருபத்தெட்டு வயசில், ஊரில் “இன்னும் படிச்சிட்டேதான் இருக்கியாப்பா?” என்று கேட்கும் மாமாவுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் பொங்கலுக்கு வீட்டுக்குப் போகாமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

ஆய்வுக்கு இந்த நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அதில் வாங்கும் கருவிக்கு, முன்பு பொது ஆய்வு நிறுவனங்களுக்குச் சலுகையாக இருந்த 5 சதவீத ஜிஎஸ்டியை 2022 ஜூலையில் 18 ஆக்கினார்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுப்பது என்று இதைச் சொல்ல மாட்டேன். கொடுத்த கை எதுவென்று இன்னும் தெரியவில்லை.

சரி, ஐந்தாறு வருஷம் போய்விட்டது, ஆய்வேடு சமர்ப்பித்தாயிற்று. வைவா. வாய்மொழித் தேர்வு என்று காகிதத்தில் பெயர். நடப்பதைப் பார்த்தால் நிச்சயதார்த்தம் என்பீர்கள். முதல் நாள் சாயங்காலமே வெளித்தேர்வாளரை ரயில் நிலையத்தில் வரவேற்க ஏசி கார். நல்ல ஹோட்டலில் அறை. அவரோடு மனைவி வந்தால் கோயில் தரிசனம், பட்டுக் கடை. காலையில் துறை முழுக்கச் சிற்றுண்டி, அலுவலகத்துக்கும் தனியாகப் பெட்டி. நாற்பது நிமிஷம் பவர்பாயிண்ட். “எதிர்காலத்தில் இந்த ஆய்வை எப்படி விரிவுபடுத்துவீர்கள்?” என்று ஒரே ஒரு கேள்வி. எல்லாருடைய கைதட்டல். மதியம் வாழை இலை போட்டுச் சாப்பாடு. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் டாக்டர் ஆனவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கையில் வாளியோடு இலைக்கு இலை சாம்பார் விடுவார். “டாக்டர், இங்க கொஞ்சம் ரசம்” என்று ஒரு பேராசிரியர் கூப்பிடுவார், எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து ஓரமாக நின்று, பிள்ளை பெரிய ஆளாகிவிட்டான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கண்ணீரைப் பார்த்தபிறகும் இலையில் கை வைக்க முடிகிறவர்கள்தான் இந்த நாட்டின் அறிவியலுக்கு வழிகாட்டுகிறார்கள்.

2024 ஆகஸ்டில் கோவை பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஒரு ஆய்வு மாணவர் மேடையில் பட்டத்தை வாங்கிய கையோடு ஆளுநரிடம் ஒரு மனுவைக் கொடுத்தார். கைடுகள் வீட்டு வேலை வாங்குகிறார்கள், வைவா சமயத்தில் பணமும் பொருளும் கேட்கிறார்கள் என்பது புகார். தன்னைப் பற்றி மட்டுமல்ல, எல்லா ஸ்காலர்களுக்காகவும் என்றார். பட்டம் கைக்கு வந்த பிறகுதான் அவரால் வாய் திறக்க முடிந்தது. அந்த மேடை ஏறுகிறவரை அவருடைய ஐந்தாறு வருஷமும் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. புகார் சொல்லிவிட்டு அதே கைடிடம், அதே துறையில் இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியும் என்று நம்புகிறவர்கள் இதுவரை எந்தத் துறைக்குள்ளும் கால் வைக்காதவர்கள்.

டாக்டர் ஆயிற்று, இனி வேலை. அதே பாரதியார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் 2018 பிப்ரவரியில் உதவிப் பேராசிரியர் ஒருவரிடம் வேலை விஷயமாக லஞ்சம் வாங்கியதாக லஞ்ச ஒழிப்புத் துறையினரிடம் கையும் களவுமாகச் சிக்கினார் என்று செய்தி வந்தது. பேசப்பட்ட தொகை 30 லட்சம். 37,000 ரூபாய் ஃபெலோஷிப்பில் ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தால் முப்பது லட்சத்துக்கு ஆறே முக்கால் வருஷம் ஆகும். ஃபெலோஷிப்போ ஐந்து வருஷத்துக்கு மேல் கிடைக்காது. கணக்கு உதைக்கிறது.

பணம் இல்லாதவர்களுக்குத் தனியார் பொறியியல் கல்லூரி. அங்கே போனால் நாற்காலி நிரம்பியிருக்கும், ஆனால் ஆள் இருக்க மாட்டார். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட விவரத்தின்படி, அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் உள்ள 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்களாகக் கணக்கில் இருந்தார்கள். ஒரே ஆள் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில்! நிறுவனங்களுக்கிடையே ஒத்துழைப்பு என்று நாக் குழு இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது வேறென்ன? ஒப்பந்தம் இல்லாமல், வெபினார் இல்லாமல், சால்வைகூட இல்லாமல் நடந்த ஒரே உண்மையான கூட்டு முயற்சி இதுதான். அந்த 353 பேர் காகிதத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு கூடுதல் இடத்திலும் ஒரு டாக்டர் பட்டதாரி வேலை பார்த்திருக்கலாம். அந்தப் பட்டதாரிகள் அந்த நேரத்தில் ஆன்லைன் உணவு டெலிவரி செய்துகொண்டோ டியூஷன் எடுத்துக்கொண்டோ இருந்தார்கள்.

மிச்சம் இருப்பவர்களை அரசு கல்லூரிகள் கைவிடவில்லை. கௌரவ விரிவுரையாளர் என்று பெயர் சூட்டி வைத்துக்கொண்டிருக்கின்றன. நிரந்தரப் பேராசிரியர் எடுக்கும் வகுப்பை இவரும் எடுப்பார், அவர் திருத்தும் விடைத்தாளை இவரும் திருத்துவார், நாக் வந்தால் சுவருக்கு வண்ணம் அடிப்பதை நின்று பார்ப்பார். மே மாதம் வந்தால் சம்பளம் இல்லை, ஏனென்றால் கௌரவம் வருஷத்துக்கு 11 மாதம்தான். மாதம் 20,000 கொடுத்துக்கொண்டிருந்தார்கள், போராட்டங்களுக்குப் பிறகு 25,000 ஆக்கினார்கள். டாக்டர் பட்டம் வாங்கி, நெட் தேறி, பத்து வருஷம் பாடம் நடத்தியவருக்கும் அதே தொகைதான். ஜேஆர்எஃப் வாங்கியபோது மாதம் 37,000 வந்தவருக்கு, படித்து முடித்த பரிசாகப் பன்னிரண்டாயிரம் குறைகிறது. ஆய்வு வாழ்க்கையில் முன்னேற்றம் என்று கருத்தரங்குகளில் படம் போட்டுக் காட்டுகிறார்களே, அந்தக் கோடு இறங்கும் திசை இது.

கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று யுஜிசி 2019 ஜனவரியிலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. பெயரைச் சேர்த்தால் புள்ளி பெருகும் என்று அதே யுஜிசி 2018-இல் சொன்னது எல்லாக் கல்லூரிகளிலும் ஒரு எழுத்து விடாமல் அமலில் இருக்கிறது. இந்த 50,000 மட்டும் ஏன் அமலுக்கு வரவில்லை? உயர்கல்வித் துறையில் யாராவது பதில் சொல்லட்டும். மிச்சமாகும் பாதிச் சம்பளத்துக்கு ஆசிரியர் பெயர் யார் போட்டுக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.